வெறும் சேற்றுக்குத் தண்ணீர்

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அவளுக்குக் கோரை மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்றாலும் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. ரோஜாவைப் பற்றிப் பேச உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கோரைக்கு அவளை விட்டால் யார்?

அந்த வருடம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம், மொட்டை மாடியில் இருந்த ஒரு சிமெண்டுத் தொட்டி. ஊர்க்கோடியில் ஒரு குட்டையை மண்ணடித்து மூடி லாரி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். மூடுவதற்கு முன்னால் ஓடிப்போய், சேறும் செடியுமாக அள்ளி வந்திருந்தாள். இலையே இல்லாத கோரை அது. முழங்கால் உயரத்துக்கு வெறும் தண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், யாரோ ஒட்டவைத்ததுபோல் ஒரு பூங்கொத்து. அவளிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை.

புது இனம் என்று மனசு அடித்துச் சொன்னது. ஆனால் கோரை பொல்லாத ஜாதி, பூவைப் பார்த்து முடிவு சொல்ல விடாது. முற்றிய விதையை லென்ஸுக்கு அடியில் வைத்து, அதன் தோலில் எப்படி வரி ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். குட்டையிலிருந்து எடுத்துக் காயவைத்த மாதிரியில் விதை பிஞ்சாக இருந்தது. தொட்டியில் இப்போதுதான் முற்றத் தொடங்கியிருந்தது. அவள் தினமும் மாடிக்கு ஏறிப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்குவாள்.

அப்போதுதான் அப்பா வந்து சேர்ந்தார். காலமெல்லாம் மாணவர் விடுதியில் சமையல்காரராக இருந்தவர். ஓய்வு பெற்றார், அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இங்கே வந்திருந்தார். சும்மா உட்கார அவருக்கு வராது. துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார். “எனக்கு ஏதாவது வேலை குடும்மா” என்று கேட்டும் பார்த்தார்.

“மாடில ஒரு தொட்டி இருக்குப்பா. நான் காலேஜ் போனதும் அதுக்குத் தண்ணி ஊத்துங்க. சேறு காயவே கூடாது” என்றாள் அவள்.

சொன்னவள், தொட்டியில் எது செடி என்று சொல்லவில்லை. குட்டைச் சேற்றோடு வல்லாரையும் வந்து, கோரைக்கு நடுவே கொழுகொழுவென்று படர்ந்திருந்தது. ஒரு சமையல்காரர் கண்ணுக்கு அதில் எது செடி, எது குப்பை?

ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது சோறும் சுடச்சுடக் கீரையும் காத்திருந்தன. பசி. அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“பிரமாதம்ப்பா! எங்க வாங்கினீங்க?”

“வாங்கறதாவது! நம்ம மாடில வெளஞ்சதும்மா. ஒரே புல்லா மண்டிப்போய்க் கீரையை அமுக்கிட்டிருந்துச்சு. வேரோட பிடுங்கிட்டேன். இனிமே பாரு, எப்படித் தழைக்குதுன்னு.”

வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மாடிக்கு ஓடினாள். தொட்டியில் கறுப்புச் சேறும், கிள்ளிய வல்லாரைக் காம்புகளும்தான் மிச்சம். விடுதிக்கே கீரை ஆய்ந்த கைக்கு அரைகுறை வேலை தெரியாது. பிடுங்கியதெல்லாம் காலையிலேயே குப்பை வண்டியில் ஏறியிருந்தது.

கீழே வந்து வெடித்தாள். “அது புல்லு இல்லப்பா, கோரை! புல்லுத் தண்டு உருண்டையா இருக்கும், விரல்ல வெச்சா உருளும். கோரைக்கு மூணு பட்டை, உருளாது. இதுகூடவா கைக்குத் தெரியல?” அதோடு விட்டிருக்கலாம். “நீங்க அண்ணன் வீட்லயே இருந்திருக்கலாம்” என்றும் சொன்னாள்.

அவர் அவளுடைய தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். சொன்ன வாய்க்கு அப்போதே வலித்தது, ஆனால் மன்னிப்புக் கேட்க அது திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. “சாப்பாடு வெச்சிருக்கேன்” என்பார். “ம்” என்பாள். அவள் மாடிப் பக்கமே போகவில்லை. அவரோ விடிந்ததும் நடக்கக் கிளம்பி, வெயில் ஏறி வருவார், செருப்பெல்லாம் சேறாக. கூடத்துத் தரையைத் துடைக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். இப்படியே வாரங்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை, “நாளன்னிக்கு அண்ணன் வீட்டுக்குக் கெளம்பறேம்மா” என்றார். “சரிப்பா” என்று மட்டும் அவள் சொன்னாள்.

மறுநாள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். “மேடம், தப்பா நெனைக்காதீங்க. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? தினமும் வாய்க்கால் வாய்க்காலா எறங்கி, புல்லைப் பிடுங்கி விரல்ல உருட்டி உருட்டிப் பாக்குறாரு. கேட்டா சிரிக்கிறாரு.”

அவள் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து, எதிரே ஒரு குவியலோடு உட்கார்ந்திருந்தார் அப்பா. கீரை ஆய்வதுபோலவே ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திருட்டுமுழி முழித்தார்.

“உருளாததா மட்டும் எடுத்துட்டு வந்தேம்மா. இதுல ஒண்ணாவது உன்னோடதா இருக்குமான்னு… போறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு.”

அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். வயல்களைப் பாழாக்கும் களைக்கோரை. சாக்கடை ஓரத்துக் கோரை. அப்புறம் குடைபோல் விரிந்த ஒன்று.

“இது யாரோ வாசல்ல வெச்சிருக்கற அழகுச்செடிப்பா!”

“கேக்கலாம்னுதான் பாத்தேன். அவங்க கதவைத் தெறக்கல.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏதோ ஒன்றைக் காட்டி, இதுதான் என்று சொல்லிவிட்டால் மனுஷன் நிம்மதியாகப் போவார். நாக்கு நுனிவரை வந்தது அந்தப் பொய். ஆனால் கோரை விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது.

“இல்லப்பா. எதுவுமே அது இல்ல.”

“சரிம்மா” என்று செய்தித்தாளை மடிக்கத் தொடங்கினார். அந்த மடிப்பை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“தூக்கிப் போடாதீங்கப்பா. தொட்டி சும்மாதானே கெடக்கு, அதுல நட்டு வைப்போம்.”

தொட்டி காய்ந்து வெடித்திருக்கும் என்று நினைத்து மாடி ஏறினாள். வல்லாரைக் காம்புகள் அழுகிப் போயிருந்தன, ஆனால் சேறு ஈரமாக இருந்தது. அதன்மேல் தலைமுடி கனத்தில், பச்சையாக, ஊசி ஊசியாக என்னவோ முளைத்திருந்தது. அவள் முட்டி போட்டுக் குனிந்தாள். குட்டைச் சேற்றுக்குள் பழைய விதைகள் வருடக்கணக்கில் தூங்கும்; மேலே நிழல் விலகி ஈரச் சேற்றில் வெளிச்சம் விழுந்தால் விழிக்கும். வருடா வருடம் வகுப்பில் அவள் தொண்டை வறளச் சொல்கிற பாடம். கோபத்தில் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

“வெறும் சேத்துக்கு எதுக்குப்பா தண்ணி ஊத்துனீங்க?”

“நீதானேம்மா ஊத்தச் சொன்ன? நிறுத்தச் சொல்லலையே.”

அவள் உடைந்து அழுதாள். அவர் பதறிப்போனார். “மறுபடியும் ஏதாவது பண்ணிட்டேனா?”

“அன்னைக்கு நான் உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா.”

“அதை விடு. இது அதுதானா?”

“தெரியாது. வெறும் புல்லாக்கூட இருக்கலாம். வளந்து, பூத்து, விதை முத்தினாத்தான் சொல்ல முடியும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“மாசக்கணக்குல ஆகும்ப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் காலேஜ் போயிட்டா இதை யாரு பாத்துக்கறது?”

உருட்டிப் பார்க்க ஒரு முளையை நோக்கி அவர் விரல் போனது. பாதியில் பின்வாங்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு படியிறங்கினார்.

அவள் மேலேயே இருந்தாள். கீழே அவர் அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசுவது கேட்டது. போனில் பேசும்போதெல்லாம் அவருக்கு வரும் உரத்த குரல்.

“நாளைக்கு வர முடியாதுப்பா. எனக்கு இங்க வேலை இருக்கு.”