மிளகுத் தகடு

கல்யாணப் பெண்ணுக்கு ஊரில் எல்லாரும் சேலை வாங்குவார்கள். அர்த்தனாரி மிளகு காயவைக்க அலுமினியத் தகடு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினான். விமானப்படையில் நாலு வருஷம் ரிப்பேர் பார்த்த புத்தி வேறெப்படிப் போகும்? உலகச் சண்டை முடிந்து கழித்துக் கட்டிய குண்டுவீச்சு விமானம் ஒன்றை அடிவாரத்துக் காரவள்ளியில் போட்டு வெட்டி, பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பாவாயி சந்தோஷமாகத்தான் வாங்கினாள். புரட்டிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்பக்கம் ஒரு வட்டம், அதற்குள் மூன்று கோடு, ஆணியால் கீறியிருந்தது. அவள் புருஷன் சின்னராசு தன் மிளகு மூட்டைகளில் போடும் அடையாளம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவன். அசாமில் அடிபட்ட விமானங்களுக்கு ஒட்டுத் தகடு அடிக்கும் வேலைக்குப் போனவன், நாற்பத்து மூன்று வைகாசியில் செத்துப்போனான் என்று தந்தி வந்தது. மூன்று வருஷம் அழுது ஓய்ந்து, வருகிற தை மாதம் அவனுடைய சினேகிதன் அர்த்தனாரியைக் கட்டிக்கொள்ள இப்போதுதான் சம்மதித்திருந்தாள்.

“ஏனுங்க, இந்த விமானம் எப்பச் செஞ்சதுங்க?”

“நாப்பத்திரண்டா இருக்கும்.” கொஞ்சம் அவசரமாகவே சொன்னான்.

“பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

தகட்டோடு மறுபடி காரவள்ளிக்கு இறங்கினான். விமானத்தின் வாலில் எழுதியிருந்த எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான். அடியில் வேறு எண். அதற்கும் அடியில் இன்னொன்று. எதிலும் வருஷம் இல்லை. ஓட்டுபவர் உட்காரும் இடத்தில்தான் தொழிற்சாலைக்காரன் அடித்த பித்தளைப் பட்டை அகப்பட்டது. 1944, மார்ச்.

தகடு இந்த விமானத்துடையதாக இல்லாமல் போகட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு, வெட்டிய ஓட்டையில் வைத்துப் பார்த்தான். ஆணித்துளைகள் ஒன்று விடாமல் பொருந்தின. நாற்பத்து மூன்றில் செத்தவன் மறு வருஷம் செய்த விமானத்தில் எப்படிக் கீறுவான்?

பட்டையைப் பெயர்த்து மடியில் கட்டிக்கொண்டு ஏறினான். வழியில் இரண்டு தடவை அதை எடுத்துப் பள்ளத்தைப் பார்த்தான். வீசினால் கேட்க நாதியில்லை. அவள் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் வீசக் கை வரவில்லை.

வாசலிலேயே நின்றிருந்தாள்.

“நாப்பத்து நாலு, பாவாயி. அந்தத் தந்தி பொய்யி. அதுக்கப்புறமும் அவன் உசுரோட இருந்திருக்கான்.”

பட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“நாப்பத்திரண்டுன்னே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனுங்க.”

“தெரியும்.”

பேனாவும் காகிதமும் எடுத்துவந்து உட்கார்ந்தான். “ராணுவ ஆபீசுக்கு உன் பேர்ல மனு போடலாம். தேடித்தான் ஆகணும் அவுங்க.”

விமானத்தின் மூன்று எண்களையும், பட்டையில் இருந்த தேதியையும், மூட்டை அடையாளத்தையும் ஒழுங்காக எழுதினான். கடைசியில், மனு கொடுப்பவர் தேட வேண்டிய ஆளுக்கு என்ன உறவு என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா கொஞ்சம் நின்றது.

மனைவி என்று எழுதினான். ஆபீசில் சரியாகத் தெரிய வேண்டுமே என்று, அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினான்.