சவுரிமுத்துவின் மெட்டு

மியூசியம் தியேட்டரில் போன மாதம் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிய என் பியானோ இசைக்கோவை முழுக்க என்னுடையது இல்லை. அதன் உயிரான நடுப்பகுதி சவுரிமுத்துவினுடையது. அது அவருக்குத் தெரியாது.

என் மனைவி அமலராணிக்காகப் பம்மல் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போவேன். ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க ஜனங்கள் வரிசையில் நகரும்போது சவுரிமுத்து கீபோர்டில் அந்த மெட்டை வாசிப்பார். வரிசை நீண்டால் மெட்டும் நீளும். அவருக்கு நோட்டேஷன் தெரியாது. நான்கு வாரம் போனில் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து எழுதி, மேலே என் பெயரைப் போட்டேன். கொஞ்சம் மெருகேற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெருகாவது மண்ணாவது.

“இது நம்ம சவுரி அண்ணன் வாசிக்கிறதாச்சே,” என்றாள் அமலராணி, நான் வீட்டில் வாசித்த முதல் நாளே. நான் முறைத்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று மாலை சவுரிமுத்து ஷேர் ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு சார்,” என்றார், நாற்காலி நுனியில் உட்கார்ந்து. “உங்க வீடியோவைப் பார்த்துட்டு நம்ம கோயில் கொயர்ல பாடுறவங்க கேக்குறாங்க, அசரியா சார் மெட்டை ஏன் காப்பி அடிக்கிறேன்னு. சத்தியமா தெரியாது சார். எங்கியோ காதுல வுழுந்து கையில ஒட்டிக்கினு கீது. இனிமே வாசிக்க மாட்டேன்னு ஃபாதர் கிட்ட சொல்லிட்டேன்.”

“எப்பலேர்ந்து வாசிக்கிறீங்க?” என்றேன்.

“பெரிய பொண்ணு பொறந்தப்பவே வாசிச்ச மாதிரி ஒரு ஞாபகம். அது எப்படி சார்? நீங்க படிச்சவரு, எழுதி வெச்சிருக்கீங்க. என் ஞாபகம்தான் தப்பு.”

அமலராணி காபியை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய மெட்டு அவருக்குத் திரும்பிவிடும். டிசம்பரில் வியன்னாவில் வாசிக்க வந்திருக்கும் அழைப்பு எனக்குப் போய்விடும். வெட்கங்கெட்ட மனது இரண்டையும் எடைபோட்டது.

“பரவாயில்ல அண்ணா. தெரியாமதானே செஞ்சீங்க. நான் மனசுல வெச்சிக்கல.”

சவுரிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.