கணவாய்ப் படத்தின் வலப்பக்கம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பெற்றுக்கொண்டேன். திருகோணமலை நகரில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உள்ள சிறிய கடை. அதன் உரிமையாளர் என் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியனை எழுத்துப் பலகைக்கு முன்னால் இருத்தினால் அவன் இலேசில் நிறுத்தமாட்டான். பலகையை வாசித்து முடித்தபின் சுவரில் தொங்கிய படத்தையும் வாசிக்கத் தொடங்கினேன்.

கடலடியில் எடுத்த படம். பவளப்பாறைக்கு மேலே ஒரு கணவாய் மிதக்கிறது. அதன் உடலில் செம்பழுப்பு வரிகள் ஓடுகின்றன. கண் நேரே நம்மைப் பார்க்கிறது. அழகில் குறையில்லை. ஆனால் சட்டம் ஒடுக்கமாக இருந்தது. கணவாய் முழுதாக முடிவதற்கு முன்பே படம் முடிந்துவிட்டது.

வலப்பக்கத்தை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

அவர் வில்லையைப் பெட்டியில் வைத்தார். "அங்க ஒராள் நிக்கிறார், சேர்," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, ஒன்றே ஒன்று கேட்டார்: முழுப்படத்தையும் அந்த ஆளுக்குக் காட்டுவதா, வேண்டாமா? பதிலுக்கு நான், வழக்கம்போல ஒரு நீதிக்கதை சொன்னேன். அது உதவவில்லை. இப்போது எழுதுவது, அந்தப் பதிலை மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் முயற்சி.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடைக்காரருக்கு அகீல் என்று பெயர் வைத்தேன். கடையில் அவர் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவன்'. இது மரியாதைக் குறைவன்று. அவரோடு கடலுக்குள் இறங்க வேண்டுமானால் நான் அவ்வளவு கிட்டத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.)

2

முதல் தொடக்கம்:

அன்று காலை கடல் கண்ணாடியைப் போல—

(வேண்டாம். கண்ணாடிக்காரனின் கதையை இப்படித் தொடங்கினால், துயரத்தோடு விளையாடுகிறேன் என்று நினைப்பீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்:

ஒரு களப்பில் இரண்டு கொக்குகள் வாழ்ந்தன. ஒன்று தலையை நீருக்குள் விட்டு மீன் தேடும். மற்றது காவல் நிற்கும். ஒருநாள் காவல் நின்ற கொக்கின் காலை முதலை கவ்வியது. அது கத்தியது. மீன் தேடிய கொக்குக்குக் கேட்டது. ஆனால் மீன் அலகுக்கு மிக அருகில் இருந்தது. காவல் கொக்கு ஒரு விரலை இழந்து தப்பியது. எது எங்கே நின்றது என்பதற்குச் சாட்சியாகச் சேற்றில் இரண்டின் காலடிகளும் பதிந்திருந்தன. அன்று மாலை நீர் பெருகி வந்து—

கடையில் நான் சொன்ன கதை இதுதான். நீர் வந்து காலடிகளை அழித்துவிட்டது, கொக்குகள் மறுபடியும் சேர்ந்து மீன் பிடித்தன என்று முடித்தேன். அகீல் பொறுமையாகக் கேட்டான்.

"கொக்குக்கு அது சரி, சேர்," என்றான். "கொக்குக்கிட்டக் கமரா இல்லையே."

கொக்குகளைப் பறக்க விட்டுவிட்டேன். இனி மனிதர்கள்.

3

பிறர் கண்களைப் பார்ப்பது அகீலின் தொழில். ஒரு சாண் தூரத்தில் எத்தனையோ கண்கள். அவற்றில் ஒன்றாவது அவனைப் பார்ப்பதில்லை. எல்லாம் அவன் தோளுக்கு மேலாக எழுத்துப் பலகையைப் பார்க்கும். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். வீட்டில் எவரும் இல்லை.

மனைவி லைலா இறந்த ஆண்டில் வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இராகுலன் மட்டும் சொல்லவில்லை. அன்புவழிபுரத்துக்காரன், அகீலோடு ஒரே வகுப்பில் படித்தவன், மின்கம்பங்களில் ஏறி வேலை செய்பவன், ஓய்வு நாட்களில் காற்று உருளையோடு கடலுக்குள் சுழியோடுபவன். அவன் வாசலில் நின்று, "கடலுக்க வாறியா, மச்சான்? அங்க ஒருத்தரும் உன்னோட கதைக்கேலாது," என்றான்.

அகீல் போனான். போனபின் தெரிந்தது, அங்கேயும் கதை உண்டு என்பது. சுழியோடிகள் எப்போதும் இருவராகவே இறங்குவார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நலமா என்று பொருள். மற்றவரும் அதே வட்டத்தைக் காட்டினால், நலம்.

(மகள் அசனா கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அழைப்பாள். பேரனின் பல், பேரனின் காய்ச்சல், பேரனின் பள்ளி. அவளைக் குறை சொல்லாதீர்கள். குழந்தை உள்ள வீட்டில் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் இதையும் கணக்கில் எடுங்கள்: அகீலைப் பார்த்து நலமா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்து நின்றவன் இந்த உலகில் இராகுலன் ஒருவன்தான். அதையும் அவன் கடலுக்கடியில் கேட்டான்.)

பிறகு அசனா ஒரு கமராவும் அதற்கான நீர்புகாப் பெட்டியும் அனுப்பினாள். படம் எடுப்பது அகீலைப் பிடித்துக்கொண்டது. ஆழத்தில் முதலில் மறைவது சிவப்பு நிறம். எல்லாம் நீலச் சாம்பலாகத் தெரியும். பிளாஷ் அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் சிவப்பு திரும்பி வரும். போன ஒன்று திரும்பி வருவதைப் பார்க்க அவன் ஞாயிறுதோறும் இறங்கினான். (இந்த வாக்கியம் என்னுடையது. அகீல் சொன்னது, "கலர் நல்லா வரும், சேர்" என்பது மட்டுமே.)

இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் உருவாயிற்று. மூச்சுக்குமிழ்கள் பக்கத்தில் வந்தால் உயிரினங்கள் ஓடிவிடும். ஆகவே அகீல் படம் எடுக்கும்போது, திரும்பாமலே, விரித்த உள்ளங்கையைப் பின்னால் காட்டுவான். நில், கிட்ட வராதே. இராகுலன் நிற்பான். படம் எடுக்கிறவனின் துணை வேறென்ன செய்வான்? நிற்பான்.

4

போன ஆண்டு ஒரு ஞாயிறு. நிலாவெளிக்கு அப்பால், புறாமலைத் தீவுக்கு வடக்கே, மீனவர்கள் பெரியகல் என்று சொல்லும் பாறை. நீர் தெளிவாக இருந்தது. பவள இடுக்கில் ஒரு கணவாய் முட்டை இட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக, வெள்ளைத் திராட்சைபோல, உள்ளே ஒட்டியது. அகீல் அதுவரை கண்டிராத காட்சி. கமராவின் சிறு துவாரத்தில் கண்ணைப் பதித்தான். உலகம் அந்தத் துவாரத்தளவு சுருங்கிற்று.

பின்னால் உலோக ஒலி கேட்டது. இராகுலன் இரும்புக் கம்பியால் தன் காற்று உருளையில் தட்டுகிறான். என்னைப் பார் என்று பொருள்.

அகீல் உள்ளங்கையைக் காட்டினான்.

மறுபடி தட்டுவது கேட்டது. மறுபடி காட்டினான். ஒலி நின்றுவிட்டது. கணவாய் மெல்ல நகர்ந்து பாறையைச் சுற்றி வந்தது. அகீலும் அதோடு சுற்றி வந்தான். அதன் கண் துவாரத்தை நிறைத்தது. அழுத்தினான், அழுத்தினான். திடீரென்று கணவாய் மையைக் கக்கிவிட்டுப் பாய்ந்து மறைந்தது. அகீல் மகிழ்ச்சியோடு தலையை நிமிர்த்தி, விரல்களை வட்டமாக்கித் திரும்பினான்.

நீலம் மட்டும் இருந்தது.

மேலே வள்ளத்தில் இராகுலன் படுத்திருந்தான். காதிலும் மூக்கிலும் இரத்தம். அவனுடைய காற்றுக் குழாயில் வெடிப்பு விழுந்து, காற்று விரைவாகக் குறைந்திருக்கிறது. நெஞ்சு முட்டியதும் பொறுக்காமல் ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை. செவிப்பறை கிழிந்திருந்தது.

(நீங்கள் கேட்பீர்கள்: கிட்டப் போய் அகீலின் தோளைத் தொட்டிருக்கலாமே? அவனிடமிருந்த உபரிக் குழாயில் சுவாசித்திருக்கலாமே? தொட்டிருக்கலாம். ஆனால் உள்ளங்கை காட்டப்பட்டுவிட்டது. இன்னும் ஒரு படம், அவ்வளவுதானே என்று இராகுலன் நின்றான். நிற்பது அவனுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.)

5

இந்த இடத்தில் அகீலைக் காப்பாற்ற முயன்றேன். ஒரு வரைவு இப்படிப் போயிற்று:

பவளத்தைக் கொறிக்கும் மீன்களின் ஓசையில் அந்த உலோக ஒலி அமிழ்ந்துபோக, அகீலின் செவியில் எதுவும்—

விட்டுவிட்டேன். ஏனென்றால் கடையில் அவன் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கேட்டது, சேர். கேக்கல்லையெண்டு சொல்லமாட்டன். திரும்பிப் பாக்கல்ல."

6

அந்தச் சுழியோடும் பருவம் முழுவதும் கடலில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் இராகுலனிடம் சொன்னார். அகீல் வீட்டில் தனியே இருந்து படங்களைக் கணினியில் திறந்தான்.

கணவாய் அற்புதமாக வந்திருந்தது. படத்தின் வலப்பக்கத்தில், சிறிதாக, ஆனால் தெளிவாக, இராகுலன். கணவாயைத் தொடர்ந்து சுற்றி வந்ததில், பின்னால் நின்றவன் கமராவுக்கு முன்னால் வந்துவிட்டான். அவன் மடக்கிய கைமுட்டியை நெஞ்சில் வைத்திருக்கிறான். காற்று குறைவு என்பதற்குச் சுழியோடிகளின் சைகை அது. அடுத்த படத்திலும் வைத்திருக்கிறான். அதற்கடுத்ததில் இல்லை.

அகீல் அவனைக் காணவில்லை. கணவாயின் கண்ணை மட்டுமே கண்டான். இது உண்மை. ஆனால் படத்தைப் பார்க்கும் எவர் இதை நம்புவார்? கமரா பார்த்திருக்கிறது, அதற்குப் பின்னால் இருந்தவன் பார்க்கவில்லையாம்.

இதில் இன்னொரு முடிச்சு. யாராவது அகீலைக் குறை சொன்னால், இராகுலனே குறுக்கே விழுந்து மறுத்தான்: "அவன் மற்றப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவன். அவனுக்கு என்னெண்டு தெரியும்?" அப்படித்தான் அவன் நம்பினான். அந்த நெருக்கடியில் அவன் கவனம் காற்றளவு காட்டும் முள்ளில் இருந்தது. கணவாய் சுற்றியதோ அகீல் திரும்பியதோ அவனுக்குத் தெரியாது. அகீலின் முதுகை நினைத்தே அவனை மன்னித்திருந்தான்.

அந்தப் பருவம் அகீலுக்கு நீண்டது. ஒரு ஞாயிறு கமராவை எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போனான். வள்ளக்காரன் றிப்தி அவனை மேலும் கீழும் பார்த்தான். "தனிய ஒராள ஏத்தமாட்டன், நானா. கணவாய் வேணுமெண்டாச் சந்தையில வாங்குங்க." நானா என்று அண்ணன் முறை வைத்துத்தான் சொன்னான். மற்ற வள்ளக்காரர்கள் சிரித்தார்கள். அகீலும் சிரித்தான். பிறகு மணலில் உட்கார்ந்து, நீர்புகாப் பெட்டியின் றப்பர் வளையத்தைக் கழற்றி, ஈரமே படாத அதைத் துடைத்து, மறுபடி மாட்டினான்.

மாரி வந்தது, போயிற்று. போன கிழமை இராகுலன் அழைத்தான். காது ஆறிவிட்டதாம், மருத்துவர் விட்டுவிட்டாராம், வைகாசியில் இறங்குவோமாம். "நீ கமராவைக் கொண்டு வா, நான் நிக்கிறன்," என்றானாம்.

இதற்கு மறுநாள்தான் நான் கண் சோதிக்கப் போனேன்.

7

முதல் முடிவு: அகீல் காட்டவில்லை.

வைகாசியில் இருவரும் இறங்குகிறார்கள். நீர் இளஞ்சூடாக இருக்கிறது. இராகுலன் விரல்களை வட்டமாக்குகிறான். நலமா? அகீலும் வட்டமாக்குகிறான். நலம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, நலமா? நலம்.

இந்த முடிவை நான் விரும்பினேன். எவரும் காயப்படவில்லை. ஆனால் எழுதிவிட்டு வாசித்தபோது, இதில் அகீல் லைலா இறந்த வீட்டில் இருந்ததைவிடத் தனியாக இருந்தான். கேட்பவன் ஒருவன் இருந்தும், அவனுக்கு ஒவ்வொரு முறையும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. கையால் சொன்னாலும் பொய் பொய்தான்.

8

இரண்டாம் முடிவு: காட்டினான்.

அன்புவழிபுரத்தில் இராகுலனின் வீடு. (நான் அங்கே போனதில்லை. கதிரைகளை நானே போட்டேன். மின்விசிறியும் என்னுடையதே.) இராகுலனின் மனைவி சிவாஜினி, இவ்வளவு நாளும் எங்கே அண்ணா போனீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டே தேநீர் போடக் குசினிக்குள் போனாள். இராகுலன் ஆறிய காதைத் தட்டிக் காட்டி, இப்போது இவள் சொல்வதெல்லாம் கேட்கிறது, முந்தியே நல்லாயிருந்தது என்று பகிடி விட்டான்.

அகீல் உறையிலிருந்து படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான். வெட்டாத படம். நேர்மையான ஒன்றைச் செய்கிறோம் என்ற துணிவு அவனிடம் இருந்தது. கொடுத்த பிறகு அது இல்லை.

இராகுலன் முதலில் கணவாயைப் பார்த்தான். "சோக்கா இருக்கு," என்றான். பிறகு அவன் கண் வலப்பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். தன் கைமுட்டியைப் பார்த்தான். தன் நெஞ்சைப் பார்த்தான்.

"நான் உனக்கு முன்னாலயா நிண்டனான்?"

"ஓம்."

குசினியில் தேநீர்க் கோப்பைகளின் ஓசை கேட்டது. இராகுலன் படத்தை மடியில் வைத்தான். ஓர் ஆண்டு முழுவதும் ஊருக்கெல்லாம் சொல்லி வந்த முதுகு அந்தப் படத்தில் இல்லை. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அகீலுக்கு இலேசாக இருந்திருக்கும். மிகத் தணிந்த குரலில் கேட்டான்:

"என்னைக் கண்டனியா, மச்சான்?"

9

அகீலுக்காக நான் மூன்று பதில்கள் எழுதினேன்.

"காணல்ல, அல்லாமேல ஆணையா—" (ஆணையிட்டதுமே பொய்போல ஒலிக்கிறது.)

"கண்டிருந்தா விட்டிருப்பனா—" (கேட்டும் விட்டவன் இதைச் சொல்ல ஏலாது.)

"கண்டனான்." (இது பொய். ஆனால் இராகுலன் இதை மட்டும் உடனே நம்புவான்.)

மூன்றையும் அடித்துவிட்டேன். அவன் காணவில்லை என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த அறையில் தெரியாதவன் ஒருவன்தான், நம்மில் எவராலும் அங்கே போய்ச் சாட்சி சொல்ல முடியாது. அகீலுக்கு எத்தனை சொற்கள் வேண்டுமானாலும் என்னால் கொடுக்க முடியும். இராகுலன் அவனை நம்புவதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. நான் எழுதினால் அது என் நம்பிக்கையாகத்தான் இருக்கும்.

ஆகவே இராகுலனின் கதிரையை வெறுமையாக்கி உங்களுக்குத் தருகிறேன். அதில் உட்காருங்கள். படம் உங்கள் மடியில் இருக்கிறது. கேள்வியை நீங்கள் கேட்டாயிற்று.

"காணல்ல," என்கிறான் அகீல். ஆணையில்லை, விளக்கமில்லை. சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.