இரண்டாம் கவுண்டரில் நாற்பத்தோரு நொடி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ராயபுரத்திலிருந்து டோல்கேட் போகிற ஷேர் ஆட்டோவில், எனக்கும் ஒரு கருவாட்டுக் கூடைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு ஐரீன் அக்கா சொன்னது இது. எங்கள் எதிர்வீடு. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. கல்லூரி ஆண்டு மலருக்கு என்னிடம் கதை கேட்டிருந்தார்கள். கைவசம் பேனா மட்டும் இருந்தது.

"எழுதிக்கோ. ஆனா என்னிய அழ வுடாத. கதைல வர்ற பொண்ணுங்க எப்பப் பாத்தாலும் அழுதுகினே கீதுங்க" என்றாள்.

ஆகவே இதில் யாரும் அழமாட்டார்கள். அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இதே மலரில் முதல்வரின் வாழ்த்துரைக்குப் போகலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வங்கக் கடல் ஆர்ப்பரிக்க, கீழ்வானம் சிவக்க..."

[நிறுத்திவிட்டேன். யார்டிலிருந்து கடல் தெரியாது. லாரிதான் தெரியும்.]

இரண்டாம் முயற்சி: 2004 ஜூலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நகரவில்லை. யார்டு கேட்டில் டிரைவர் கண்டெய்னர் நம்பரைச் சொல்வார். கவுண்டர் பெண் அதைக் கம்ப்யூட்டரில் தேடி கேட் பாஸ் அச்சடித்துக் கொடுப்பாள். வண்டி வெளியே போகும். அந்தத் தேடல்தான் நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டே போனது.

கிண்டி தலைமை அலுவலகத்தில் மனோகரன் என்ற அதிகாரி இருந்தார். சர்வர் எப்படி ஓடுகிறது என்று காட்டும் திரை ஒன்று அவர் மேஜையில் இருந்தது. எல்லாம் பச்சை. ஒரு வேலை முடிய சராசரி இரண்டு நொடி.

"மெஷின் நல்லா இருக்கு. உங்க பொண்ணுங்க டைப்பிங்தான் ஸ்லோ" என்று ஐரீனிடம் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை மீட்டிங். அதற்குள் வேறு காரணம் காட்டாவிட்டால் கேட் வேலை மொத்தமும் கிண்டிக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் வேலையோடு முதல் கவுண்டரிலும் உட்கார்ந்த ஐரீனும் இரண்டாம் கவுண்டர் சாபிராவும் வீட்டுக்குப் போவார்கள், கை மந்தம் என்ற பெயரோடு.*

* வேலை போவதைவிட அந்தப் பெயர்தான் ஐரீனைச் சுட்டது. ராயபுரத்துப் பெண்ணைக் கறுப்பு என்று சொல்லுங்கள், வாயாடி என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வாள். ஸ்லோ என்று சொல்லிவிட்டுப் பத்திரமாகக் கிண்டி போய்ச் சேர முடியாது.

3

சராசரியை ஐரீன் நம்பவில்லை. யார்டுக்குள் வரும் லாரிக்கு ஒரு டோக்கன் கொடுத்து, எடை மேடை, செக்கிங், கேட் என்று ஒவ்வொரு இடத்திலும் நேரம் குறிப்பார்கள். எங்கே நின்றது என்று டோக்கனே சொல்லும். அதையே சர்வருக்குள் செய்தாள். எடை மேடையோ கவுண்டரோ, எங்கிருந்து வந்தாலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர், அது தாண்டும் ஒவ்வொரு வாசலிலும் நேரம். புரோகிராமில் பன்னிரண்டு வரி சேர்த்தாள்.

மறுநாள் பட்டியல் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேலைகள் கண் சிமிட்டுவதற்குள் முடிந்திருந்தன. மிச்சம் ஐந்துக்குத் தலா நாற்பத்தோரு நொடி. கூட்டி வகுத்தால் இரண்டு. கிண்டியின் பச்சை அதுதான்.

அந்த ஐந்தும் இரண்டாம் கவுண்டரிலிருந்து வந்திருந்தன.

பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அப்படியானால் மனோகரன் சொன்னது சரியா? சாபிராவைக் காட்டிக்கொடுத்துத் தன் வேலையை மட்டும் காப்பாற்றிக்கொள்வதா? அவள் விழியோரம் துளிர்த்த நீர்...

[இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.]

"இன்னாடி, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள் சாபிரா.

"ஒண்ணுமில்ல. நீ வேலயப் பாரு, நான் பாக்கறேன்."

ஸ்டூலைப் போட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். ஜன்னலில் டிரைவர் டில்லிபாபுவின் தலை முளைத்தது.

"நாலு நாலு ஏழு ஒண்ணு! இன்னா சாபிராம்மா, இங்கியே கண்ணாலம் கட்டிகினு புள்ள பெத்துக்கவா?"

"உனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கம்முனு நில்லு நைனா."

பேசி முடிப்பதற்குள் நான்கு எண்ணையும் தட்டியிருந்தாள். இரண்டு நொடி. பிறகு திரை உறைந்தது. நாற்பத்தொன்று.

ஐரீன் தன் கவுண்டரில் காகிதத்தைப் பார்த்து முழு நம்பரையும் அடிப்பவள். சாபிராவோ காகிதம் கைக்கு வரும்வரை காத்திருக்கமாட்டாள், காதாலேயே அடிப்பாள். கண்டெய்னரின் கடைசி நாலு நம்பர்தான் துறைமுகத்தில் அதற்குப் பெயர். மெஷினுக்கு அந்தப் பெயர் தெரியாது. டெலிபோன் டைரக்டரியில் ஒருவரை அவர் பெயரின் கடைசி எழுத்தை வைத்துத் தேடச் சொன்னால் என்ன ஆகும்? முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் புரட்ட வேண்டியதுதான். மூன்று வருடமாகச் சேர்ந்த ஆறு லட்சம் பெட்டிகளை மெஷின் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது.

யார்டிலேயே வேகமான கை, யார்டிலேயே மெதுவான வேலையை அனுப்பிக்கொண்டிருந்தது. ஐரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கடைசி நாலு நம்பரை மட்டும் தனியாக எடுத்து வரிசைப்படுத்தி வைத்தாள். சாபிரா தட்டினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது.

"ஐயே, கெட்டுப்போச்சாடி?"

4

ஒரு வாக்குமூலம். ஐரீன் அக்காவைப் பார்த்து இந்தக் கதைக்கும் பகுதிவாரியாக நேரம் குறித்துவைத்தேன். இரண்டாம் பகுதிக்கு ஒரு மணி நேரம். மூன்றாம் பகுதிக்குப் பதினொரு நாள்! ஏன் என்று தேடினேன். மலர்க்குழுப் பேராசிரியருக்குப் பயந்து டில்லிபாபுவை "அம்மையீர், என் கொள்கலத்தின் இலக்கம் யாதெனில்" என்று பேசவைக்கப் பார்த்திருக்கிறேன். அவர் பதினொரு நாளாக ஜன்னலிலேயே நின்றார். காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். இருபது நிமிடத்தில் வண்டி வெளியே போய்விட்டது.

5

முடிவுகள் கைவசம் இரண்டு.

(அ) மனோகரன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறார். இதைப் படித்துக் காட்டியதும் ஐரீன் அக்கா ஆட்டோவுக்கு வெளியே துப்பினாள்.

(ஆ) ஐரீன் அமெரிக்கா போகிறாள். அங்கே

[போகவில்லை. இன்றும் யார்டு ஸ்டாப்பில்தான் இறங்கினாள். ஆட்டோவில் இடம் பிடித்து வைத்தவள் சாபிரா.]

6

வெள்ளிக்கிழமை. மனோகரன் கிண்டியிலிருந்து கவுண்டர் அறைக்கே நேரில் வந்திருந்தார். முதலில் ஒரு லாரி கம்பெனியின் புகார்க் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்: "கியூ-ஜே-டி-யு 8304471 எண் கொண்ட கண்டெய்னர், தங்கள் கேட்டில் இரண்டு மணி நேரம் காக்க வைக்கப்பட்டது." டில்லிபாபுவின் பெட்டிதான். படித்துவிட்டு ஃபைலை மூடினார்.

ஐரீன் பட்டியலை மேஜைமேல் பரப்பினாள். விரல் ரெண்டு செகண்டு, மெஷின் நாப்பத்தொண்ணு. மாற்றிய பிறகு மெஷினுக்கு ஒரு செகண்டுகூட இல்லை. மனோகரன் அதைத் தலைகீழாகக்கூடப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதேதான்.

"சரி. ஆனா ஒரு கேட்டோட கெட்ட பழக்கத்துக்காக புரோகிராமை மாத்த முடியாது. டிரைவருங்க பதினோரு எழுத்தும் சொல்லட்டும், உங்க ஆளுங்க பதினொண்ணும் அடிக்கட்டும். முடியலன்னா கிண்டில அடிச்சிக்கறோம்."

சாபிரா ஐரீனைப் பார்த்தாள். ஐரீன் ஃபைலின்மேல் கையை வைத்தாள்.

"சார், இப்ப ஒரு லெட்டர் படிச்சீங்களே. ஃபைல தொறக்காம சொல்லுங்க. அந்தக் கண்டெய்னர் நம்பர் இன்னா சார்?"

மனோகரன் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் அதே கடிதத்தைக் கேட்டவர்தான். மேலே புரட்டாமல், அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லுங்கள். சாபிரா விசைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.