சந்தேகத்துக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம்

இப்படிக் கிட்ட வந்து இருங்கள், என் கண்ணான பிள்ளைகளே. கதவடியில் நிற்கிறவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள், இடமிருக்கிறது. இன்றைக்கு ஒரு கொப்பியின் கதை சொல்லப் போகிறேன். ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. ஆனால் ஒரு களவு உண்டு, மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால் சொன்ன ஒரு பொய் உண்டு. கேட்டு முடித்தபிறகு நீங்களே சொல்லுங்கள், குணவதி செய்தது சரியா பிழையா என்று.

குணவதி ரொறன்ரோவுக்கு வந்தது எண்பத்தெட்டாம் ஆண்டு. நாற்பத்திரண்டு வயது, தனி ஆள். மில்லிக்கன் பக்கம் யோகராணி என்பவளின் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தாள். கேக் பெட்டி கட்டும் ஒரு தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட் வேலை. பெல்டில் ஆறு ஆறாக வரும் கேக்குகளைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, தள்ளவேண்டும். அவ்வளவுதான். வலப்பக்கம் நின்றவள் போர்த்துக்கேயம் பேசினாள், இடப்பக்கம் நின்றவள் சீனம். தூணில் தொங்கிய சூப்பர்வைசரின் வானொலி ஒன்றுதான் குணவதியோடு ஓயாமல் கதைத்தது.

அது கதைத்ததெல்லாம் பேஸ்போல். முதல் வருடம் அவளுக்கு எண்கள் மட்டுமே பிடிபட்டன. கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகிய காது அல்லவா, மெல்ல மெல்ல ஆட்டமும் பிடிபட்டது. யார் வென்றார், யார் தோற்றார் என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. ஆனால் எப்போதாவது ஒரு நாள் அந்த வர்ணனையாளரின் குரல் சட்டென்று தாழும். ‘இது இதற்கு முன் எத்தனை தடவை நடந்திருக்கிறது தெரியுமா?’ என்று கேட்கும் குரல் அது. அப்போது குணவதி பெட்டி மட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, கேக் எண்ணெய் பட்ட விரலோடு எழுதிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அதைக் கொப்பியில் பிரதி பண்ணுவாள்.

காதால் கேட்டதை மட்டும் நம்பி எழுதிய குறிப்பு என்றால் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு நட்சத்திரம் போடுவாள். ‘இது எனக்குச் சந்தேகம்’ என்பது அதன் கருத்து. பார்த்து உறுதி செய்யும்வரை அந்த நட்சத்திரம் அங்கேயே நிற்கும்.

உறுதி செய்ய ஆள் வேண்டுமே! தொண்ணூறாம் ஆண்டு அலெக்ஸாண்டர் மாஸ்டர் வந்து சேர்ந்தார். ஊரில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தவர், இங்கே அவளுக்கு எதிரே நின்று பெட்டிகளுக்கு ஒட்டுநாடா, அதுதான் ரேப், ஒட்டினார். அவளைவிட நாலு வயது இளையவர். இரண்டாம் கிழமையே கேட்டுவிட்டார்.

“என்ன அக்கா, பெட்டி மட்டையில ஆருக்குக் கடிதம் எழுதுறியள்?”

“கடிதமோ? எனக்கு ஆர் இருக்கினம் மாஸ்டர்! இது வேறை. ஒரே இன்னிங்ஸில நாலு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கின ஆக்கள் இருக்கினமாம். மூண்டு பேர் அவுட்டெண்டால் இன்னிங்ஸ் முடிஞ்சுதே. நாலாமவன் எங்கையிருந்து வந்தவன்?”

மாஸ்டர் சிரித்தார். ஆனால் சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்த் தடித்த புத்தகங்களைப் புரட்டி, திங்கட்கிழமை பதிலோடு வந்தார்.

“அடிக்கத் தவறின மூண்டாவது பந்தை, அதுதான் மூண்டாவது ஸ்ட்ரைக், பின்னால குந்தியிருக்கிறவன் பிடிக்கவேணும் அக்கா. அவன் கை நழுவ விட்டால், முதல் பேஸ் வெறுமையா இருந்தால், அடிக்க வந்தவன் அங்கை ஓடலாம். ஓடிச் சேர்ந்தால் தப்பினான். ஆனால் பந்து போட்டவனுக்கு அது ஸ்ட்ரைக் அவுட் எண்டுதான் பதிவு. அப்ப இன்னொருத்தனையும் அவுட் ஆக்கவேணும்.”

“அப்ப எல்லாம் பின்னுக்கு இருக்கிறவனை நம்பித்தான்.”

“ஓமோம்.”

அன்றைக்கு அந்த நட்சத்திரத்தை அவள் சவரக் கத்தியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தாள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. வேலை நாட்களில் அவள் கேட்டு எழுதுவாள், சனிக்கிழமைகளில் அவர் பார்த்து வருவார், திங்கட்கிழமை இடைவேளையில் மாஸ்டரின் மனைவி கட்டிவிட்ட இடியப்பத்தைப் பங்கிட்டுக்கொண்டு நட்சத்திரங்களை அழிப்பார்கள். ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். 1927ஆம் ஆண்டு வைகாசி முப்பதாம் திகதி ஒருவர் தனியாளாக ஒரே வீச்சில் மூன்று பேரை வெளியேற்றினார், முப்பத்தோராம் திகதி இன்னொருவர் அதையே செய்தார், பிறகு நாற்பத்தொரு வருடம் ஒருவராலும் முடியவில்லை. அதன் கீழே குணவதி எழுதியிருந்தாள்: ‘முதல் நாள் செய்தவர் பாவம், ஒரு நாள்கூட ஆறுதலாகப் புகழ் அனுபவிக்க விடவில்லை.’

தொண்ணூற்று மூன்றில் ரொறன்ரோ அணியின் மூன்று பேர் தங்கள் லீக்கின் அடிப்போர் வரிசையில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தார்கள். ஒரே அணிக்கு அப்படி வாய்த்து நூறு வருடமாம். அந்தக் குறிப்புக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை, ஊருக்கே தெரிந்த சங்கதி. மாஸ்டர் அன்றைக்குத்தான் சொன்னார்:

“அக்கா, இதைப் புத்தகமாப் போடவேணும். தமிழில இப்பிடி ஒண்டு இல்லை. உங்கட பேர் முதல், கீழை என்ர பேர்.”

“எனக்கேன் பேர்?” என்றாள் வாயால். ஆனால் அன்றிரவு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘செ. குணவதி’ என்று நாலு விதமாக எழுதிப் பார்த்தாள். பிள்ளைகளே, அதுவரை அவளுடைய பெயர் அகதி விண்ணப்பத்திலும் சம்பளச் சீட்டிலும் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

தொண்ணூற்று நாலு ஆவணியில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்ச ஆட்டங்கள் இல்லை, இறுதிப் போட்டியும் இல்லை. வானொலியில் வெறும் பாட்டு. அந்த மாதமே மாஸ்டருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட, ஒரு கந்தோரில் மேசை வேலை கிடைத்தது.

“கொப்பியைத் தாங்கோ அக்கா. முப்பத்தொரு நட்சத்திரம் மிச்சம் இருக்கு. அங்கத்தை லைப்ரரி பெரிசு. எல்லாத்தையும் பாத்து முடிச்சுக்கொண்டு வாறன்.”

கொடுத்தாள். ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. மார்கழியில் ஒரு தரம் தொலைபேசியில் பேசினார், ‘பாத்துக்கொண்டிருக்கிறன்’ என்றார். அதற்குப் பிறகு குணவதி எடுத்தால் அவர் மனைவிதான் பேசினாள், “இவர் வெளியில போயிட்டார்” என்று.

அடுத்த வைகாசியில் யோகராணி பலசரக்குக் கடையிலிருந்து முருங்கைக்காயோடு ஓர் இலவசத் தமிழ்ப் பத்திரிகையும் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டாள்.

“குணமக்கா, உங்கட மாஸ்டரின்ர படம் வந்திருக்கு. கோட்டுச் சூட்டோட.”

நூல் வெளியீட்டு விழா. ‘பேஸ்போல் அபூர்வங்கள்’. ஆசிரியர்: அலெக்ஸாண்டர் மாஸ்டர்.

“உங்கட பேர் எங்கை?” என்றாள் யோகராணி.

“உள்ளுக்கு இருக்கும். விளம்பரத்தில எல்லாத்தையும் போட ஏலுமே?”

“கூப்பிட்டவரோ?”

“வேலைப் பிராக்கில மறந்திருப்பார்.”

“நீங்கள் ஒரு தங்கம் அக்கா,” என்றாள் யோகராணி. “தங்கத்தைத்தான் அடகு வைக்கிறது.”

இருவருமாகப் போனார்கள். குணவதி மாம்பழக் கலர்ச் சேலை கட்டியிருந்தாள். ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபம், குத்துவிளக்கு, பின்னால் மேசையில் ரோல்ஸும் வடையும். மாஸ்டர் வாசலில் அவளைக் கண்டதும் ஒரு கணம் கை கூப்ப மறந்து நின்றார்.

“வாங்கோ அக்கா, வாங்கோ. முன்னுக்கு இருங்கோ,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

புத்தகம் கைக்கு வந்தது. அட்டையில் ஒரு பெயர். முதற் பக்கத்திலும் அதே பெயர். நன்றியுரைப் பக்கத்தில் மனைவிக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி, கடைசி வரியில், ‘பந்தாட்டக் கதை பேசிப் பொழுதுபோக்கிய தொழிற்சாலை நண்பர்களுக்கும்’ நன்றி. அவள் பக்கங்களைப் புரட்டினாள். முதல் நாள் செய்தவர் பாவம், ஒரு நாள்கூட ஆறுதலாகப் புகழ் அனுபவிக்க விடவில்லை. அவளுடைய வசனம், அவளுடைய காற்புள்ளி. அங்கங்கே, வரி ஓரத்தில், நட்சத்திரங்கள். விரலால் எண்ணினாள். முப்பத்தொன்று. ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அச்சுக் கோர்த்தவர் கொப்பியில் கிடந்ததை அப்படியே அடித்திருக்கிறார், மாஸ்டர் திருத்திப் பார்க்கவும் இல்லை.

தலைமை வகித்த இராஜரட்ணம் என்பவர் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்து, “தனியொரு மனிதனின் ஐந்து வருட உழைப்பு” என்றார். கைதட்டல். யோகராணி குணவதியின் முழங்கையில் கிள்ளினாள். குணவதி புத்தகத்தை மடியில் மூடி வைத்தாள். தன்னைத்தான் பேசுகிறார்கள், ஆனால் தன்னை இல்லை என்கிற அந்த நிலை இருக்கிறதே, அது ஒரு விதமான காய்ச்சல் பிள்ளைகளே. உடம்பு சுடும், கை குளிரும்.

கேள்வி நேரத்தில் அட்சயா என்று ஒரு பெட்டை எழும்பினாள். இங்கேயே வளர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் சொஃப்ட்போல் விளையாடுகிறவள்.

“அங்கிள், புக் சூப்பர். இந்த ஸ்டார் எல்லாம் என்ன மீனிங்?”

குணவதி நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டருக்கு மறந்திருக்க வழியில்லை. இடியப்பத்துக்குப் பக்கத்தில் வைத்து எத்தனை நட்சத்திரத்தைச் சுரண்டியிருப்பார்கள்!

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “அது தங்கச்சி, ஆட்டமிழக்காதவர்கள். நொட் அவுட்.”

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. ஏன் ஆட்டாது? கிரிக்கெட்டில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் என்றால் நொட் அவுட் என்பது அங்கிருந்த ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் ஆட்களிடம் மட்டுமே விலைபோகக்கூடிய பொய் அது. மாஸ்டர் ஆளறிந்துதான் சொன்னார்.

“பட் அங்கிள்,” என்றாள் அட்சயா, “இவர் பிச்சர். ஒன்பதே பந்தில மூண்டு பேரை அவுட் ஆக்கினவர் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். பந்து போடுறவர் எப்பிடி நொட் அவுட்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டரின் கண் மண்டபத்தைச் சுற்றி வந்து குணவதியில் நின்றது. கெஞ்சுகிற பார்வை.

“அது... அச்சுப்பிழை,” என்றார்.

குணவதி எழும்பினாள். எழும்புவது என்று அவள் நினைக்கவே இல்லை, கால் எழும்பிவிட்டது.

“அச்சுப்பிழை இல்லைப் பிள்ளை. நட்சத்திரம் நான் போட்டது. எனக்குச் சந்தேகமான இடம் எண்டு கருத்து. மாஸ்டர் பாத்துச் சொல்லுறன் எண்டு கொப்பியைக் கொண்டு போனவர். பாக்கேல்லை.”

ஒலிவாங்கி ஊதியது. மாஸ்டர் அதைக் கிட்ட இழுத்தார்.

“குணவதி அக்கா எங்களோட தொழிற்சாலையில வேலை செய்தவ. எனக்குச் சில பக்கங்கள் பிரதி பண்ணித் தந்துதவினவ. அவவுக்கும் நன்றி.”

சனம் கைதட்டியது! ஓம் பிள்ளைகளே, அந்தப் பொய்க்கும் கைதட்டினார்கள். இராஜரட்ணம் நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போனார்.

வடை மேசைக்குப் பக்கத்தில் அவள் அவரைப் பிடித்தாள்.

“பேர் போகட்டும் மாஸ்டர். என்ர கொப்பியைத் தாங்கோ.”

அவர் பொன்னாடையின் நுனியை முறுக்கினார். “அச்சகத்தில எறிஞ்சு போட்டினம் அக்கா. எல்லாம் எண்ணெய்க் கறை, பழசு...” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் இங்கை வந்து ரேப் ஒட்டினவன் அக்கா. எனக்கும் ஒருக்கால் மேடையில ஏறவேணும் எண்டு இருக்காதே?”

“ஏறியிருக்கலாம்,” என்றாள் குணவதி. “ரெண்டு பேருக்கும் அங்கை இடமிருந்தது.”

வீடு வரும்வரை யோகராணி காருக்குள் மாஸ்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியே பஸ் ஏறி நூலகத்துக்குப் போனாள். முதல் தரம். அங்கிருந்த பெண்ணிடம் புத்தகத்தைக் காட்டி, ஒரு நட்சத்திரத்தைத் தொட்டு, “திஸ், ட்ரூ?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆண்டும் எண்ணும் தெரிந்தன. தடித்த புத்தகம் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். கோடை முழுக்க முப்பத்தொன்றையும் பார்த்து முடித்தாள். இருபத்தெட்டு சரி. மூன்று பிழை. இரண்டில் ஆண்டு மாறியிருந்தது, ஒன்றில் அணி மாறியிருந்தது. சரியானவற்றின் நட்சத்திரத்தைச் சுரண்டப் பார்த்தாள். அச்சில் ஏறியது போகவில்லை, தாள்தான் கிழிந்தது.

புரட்டாதியில் தொலைபேசி அடித்தது.

“அக்கா, சுகமோ? நீங்கள் எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டியள், மூண்டு பிழை எண்டு யோகராணி கடையில சொன்னவவாம். ரெண்டாம் பதிப்புக்குக் கேக்கினம். அந்த மூண்டும் எதெண்டு ஒருக்கால் சொல்லுங்கோவன். இந்த முறை உங்கட பேரும் போடுவம்.”

சமையலறையில் யோகராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு விதமாக எழுதிப் பார்த்த அந்தப் பெயர் குணவதிக்கு ஞாபகம் வந்தது. அதுவும் கொப்பியோடு குப்பைக்குள் போயிருந்தது.

“லைப்ரரி சனிக்கிழமையில திறந்திருக்கும் மாஸ்டர்,” என்றாள். “நீங்கள் போய்ப் பாருங்கோ.”

வைத்துவிட்டாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சப்பாத்தைப் போட்டாள். அன்றைக்கு வானொலியில் ஆட்டம் இருந்தது. எட்டு மணிபோல வர்ணனையாளரின் குரல் தாழ்ந்தது. அவளுடைய கை தன்பாட்டில் பெட்டி மட்டைக்குப் போயிற்று. கிழித்தாள், எழுதினாள், பிறகு எதிரே நிமிர்ந்து பார்த்தாள். அங்கே வேறு யாரோ ரேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சிவப்புப் பேனை அவளிடம் இருந்தது.

சரி, எழும்புங்கள் என் செல்லங்களே, தேத்தண்ணி ஆறுகிறது. உங்கள் வீட்டில் யார் பாடுபட்டாரோ அவர் பெயரைச் சொல்லித்தான் சோறு பரிமாறப்படட்டும். நம்பிக் கொடுத்த பொருள் கறையோடாவது உங்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் பிள்ளை குட்டிகளும் ஒரு குறையுமில்லாமல் நல்லாயிருக்கட்டும்.