பாதம் கழுவக் கொடுத்தவர்

…ஆதாம் தொட்டு மனுக்குலம் விழுந்ததெல்லாம் வாய் வழியாகத்தான், வாயை வென்றவன் நரகத்தையே வென்றவன், என்று தபசுகாலத் தொடக்கத்தில் பங்குக் கூட்டத்தில் முழங்கியவர் ஞானாதிக்கம்தான், கைதட்டக்கூடாத இடத்தில் சிலர் கைதட்டவும் செய்தார்கள், அந்த வாயில்தான் இப்போது வினிகரும் பூண்டும் மணக்கின்றன… மணக்கின்றனவா, இல்லை தனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா? உதட்டை இறுக்கிக்கொண்டார். பெரிய வியாழன் சாயங்காலப் பூசை, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி, அன்று ஆண்டவர் கால் கழுவிய பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் இடத்தில் பன்னிரண்டு பேர், எல்லாரும் லிங்கராஜபுரத்துப் பெரிய மனிதர்கள், ஒவ்வொருவரும் வலது காலை மட்டும் வீட்டிலேயே சவுக்காரம் போட்டுக் குதிகாலைக் கல்லில் தேய்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், சாமியார் கழுவப்போகிற கால் அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும்? அவரும் தேய்த்தார். தேய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கலாமென்று சமையலறைக்குப் போனார், அங்கேதான் ஜாடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாஸ்குத் திருநாளுக்காக மனைவி கேத்தரின் சமைத்து வினிகரில் ஊறப்போட்ட பன்றிக்கறி. உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு, ஒரு துண்டில் உப்பு எங்கே தெரிகிறது, இன்னொன்று, அப்புறம் காரம் எப்படி என்று… தபசுகாலம் முழுக்கக் கறி தொடாத சுத்தபோசனம் என்று ஊரறியச் சொன்னவர், போதாததற்குப் பூசையில் நன்மை வாங்க, ஆண்டவரின் அப்பத்தை நாவில் ஏற்க, மூன்று மணி நேரம் முன்னால் வாயைக் கட்டியாக வேண்டும், முன்பெல்லாம் நடுராத்திரியிலிருந்தே கட்டினோம், ரோமாபுரி இரக்கப்பட்டுக் குறைத்துக் கொடுத்தது, அந்த மூன்று மணி நேரத்தைக்கூட… கூடத்துக் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுமே? முந்தித்தான் ஓடும். எவ்வளவு முந்தி? சர்வேசுரன் எந்தக் கடிகாரம் பார்ப்பார்?

“மூடி சாஞ்சிருக்கே, பூனை வந்துச்சா?” என்று கேத்தரின் கேட்டாள். “வந்துச்சு” என்றார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பூனையை ஒரு போடு போட்டாள், அது ஒன்றும் புரியாமல் சுவரேறி உட்கார்ந்து இவரையே பார்த்தது, இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

பூனை கிடக்கட்டும், டென்சில்? இந்த நாற்காலி டென்சிலுடையது. அடுகோடிப் பக்கம் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறவன், கோயிலுக்கு இலவசமாக மின்விசிறி மாட்டிக் கொடுத்தவன், சாமியார் அவன் பெயரைத்தான் முதலில் வாசித்தார். இவர்தான் போய், அவனுடைய ஆத்தும நன்மைக்காகச் சொல்கிறேன் சாமி என்று ஆரம்பித்து, தபசுகாலத்தில் அவன் மிலிட்டரி ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டதைச் சொன்னார், நாற்காலி இவருக்கு வந்தது. பொய்யில்லை, கண்ணால் பார்த்தது. நீர் ஏன் அந்த ஓட்டல் வாசலில் மூக்கை விரித்துக்கொண்டு நின்றீர் என்று சாமியார் கேட்கவில்லை, கேட்டிருந்தால்… சற்று முன் கோயில் வாசலில் டென்சில் எதிர்ப்பட்டான். “குட் ஈவ்னிங் அங்கிள். நல்லா சாஞ்சு உக்காருங்க, அந்தச் சேர் உங்களுக்குத்தான் ஃபிட்டு” என்று சிரித்தான். குத்தலா? குத்தலாக இருந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாமியார் வந்துவிட்டார், மூட்டு வலிக்காரர், ஒவ்வொரு நாற்காலிக்கும் முனகிக்கொண்டே மண்டியிடுகிறார், இவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து உதடு பதித்து முத்தி செய்தார், அந்த நரைத்த தலை இவர் காலடியில்… காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது, இழுக்கவில்லை, என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே. இனி மணி அடிக்கும், நன்மை வாங்கப் போக வேண்டும், இந்த வாயோடு போனால் தேவத்துரோகம், போகாவிட்டாலோ கோயில் பூராவும் பார்க்கும், பன்னிரண்டு பேரில் ஒருத்தன் மட்டும் தனியாக உட்கார்ந்தால் அந்தக் காட்டிக்கொடுத்தவனுக்கு என்ன பெயர் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். மணி அடித்தது. பதினொரு பேர் எழுந்தார்கள். ஞானாதிக்கமும் பாதி எழுந்தார், பூண்டு ஏப்பம் ஒன்று தொண்டை வரை வந்தது, உட்கார்ந்துவிட்டார். வெட்கம் காதுவரை சுட்டது, அப்புறம் அழுகை வந்தது, நிஜமான அழுகை, ஆண்டவரே மன்னியும், பூசை முடிந்ததும் நேரே டென்சிலிடம் போகிறேன், எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், ஜாடி, பூனை, ஓட்டல் வாசல், ஒன்றுவிடாமல்… கன்னத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

ஜனங்கள் வரிசையாகப் பீடத்தை நோக்கி நகர்ந்தார்கள். பெண்கள் பக்கத்து வரிசையில் கேத்தரின் முக்காட்டை இழுத்துவிட்டபடி இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள், அவளுக்குத் தெரியுமோ? ஆண்கள் வரிசையில் டென்சில் வந்தான். நாற்காலியருகே நடை தயங்கியது, பின்னால் வந்தவனிடம் கிசுகிசுத்தான். “பாத்தியா மேன், நாப்பது நாளும் விரதம் இருந்த மனுசன், தனக்குத் தகுதியில்லேன்னு உக்காந்து அழுவுறாரு. நாமல்லாம் என்னா?” பின்னால் வந்தவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். சொல்லிவிடலாம், இப்போதேகூட, இல்லை, பூசை நடக்கும்போது பேசுவது முறையில்லை, முடியட்டும்… முடிந்ததும் எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஞானாதிக்கம் கன்னத்தைத் துடைக்காமலே கைக்குட்டையை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.