கர்னலும் கஞ்சியும்

பல்கீஸ் அந்த நிரலை மூன்றாவது முறையாக ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறையும் விடை சரியாகத்தான் வந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் தப்பு வந்தால் அழுவார்கள். இவளுக்குத் தப்பு வந்தால்தான் பிழைப்பு.

பீரோ அளவு இருந்த அந்தக் கம்ப்யூட்டர் காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அந்த எழுபத்தெட்டாம் வருஷ நோன்பு மாதத்தோடு ஓராண்டு ஆகியிருந்தது. அதன் உள்ளே எந்த வேலை ஓடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று நாட்டாமை செய்யும் ஆதார நிரலுக்குக் கர்னல் என்று பெயர். ஓடுகிற நிரலை அடிக்கு அடி நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்து, மறுபடி ஓடவிடுகிற வசதியைக் கர்னலில் சேர்ப்பது பல்கீஸின் வேலை. சேர்த்துவிட்டாள். அதை வைத்தே ஒரு பிழையைப் பிடித்துக் காட்டும்படி தலைவர் மெய்யநாதன் ஒரு நிரலைக் கொடுத்தார். அளவுக் கருவிகள் அனுப்பும் எண்களைக் கூட்டிச் சொல்கிற சாதுவான நிரல். சும்மா ஓடவிட்டால் சில எண்களை இரண்டு தடவை கூட்டிவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலோ அட்சரம் பிசகாது. ஆள் பார்த்தால் நல்ல பிள்ளை, பார்க்காவிட்டால் போக்கிரி.

வியாழக்கிழமை டெல்லியிலிருந்து மூன்று பேர் பார்வையிட வருகிறார்கள். சரியாக ஓடினால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் பெருநாளோடு வேலையை விட்டுவிட வேண்டும். மாமனார் அப்துல் சுபஹான் அப்படித்தான் சொல்லியிருந்தார். குவைத்திலிருந்த கணவனும் அத்தா சொல்வதைக் கேள் என்று எழுதிவிட்டான். பல்கீஸுக்கோ அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

மாமி ஷரபுன்னிசாவுக்கு, மருமகள் ஏதோ ராணுவ அதிகாரியிடம் வேலை பார்க்கிறாள் என்று எண்ணம். கர்னலுக்குள் ஒரு தப்பு இருக்கிறது என்று பல்கீஸ் ஒருநாள் சொல்லப்போக, பெரிய மனுஷரைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது என்று கண்டித்தாள். அவருக்கு மீசை உண்டா என்றும் விசாரித்தாள். பல்கீஸ் இரண்டு தடவை விளக்கிப் பார்த்துவிட்டு, உண்டு என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

வீட்டிலும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. நோன்புக் கஞ்சியில் உப்பு. நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்ப்பது எப்படி? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லியிருந்தும் மாமி அந்த வம்புக்கே போகமாட்டாள், கைக்கணக்குதான். ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி பதமாக இருக்கும். வாரநாளில் வாயில் வைக்க முடியாது. நீ வீட்டில் இருந்தால்தான் என் கை சரியாக நிற்கிறது என்பாள் மாமி. அது பாராட்டா, வேலைக்கு வைக்கிற வேட்டா என்று பல்கீஸுக்குப் புரிந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் மின்சாரம் போய்விட்டது. மெய்யநாதன் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பல்கீஸ் கொல்லை வழியாக வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது அடுப்படி ஜன்னலில் மாமி தெரிந்தாள். ஒரு கை கல் உப்பை அள்ளிக் கஞ்சியில் போட்டு, கிண்டிவிட்டு, அஸர் தொழப் போனாள். அவள் தலை மறைந்ததும் மாமா நுழைந்தார். மருமகள் வீட்டில் இருந்தால் அடுப்படிப் பக்கமே வராத மனிதர். பள்ளிவாசல் கஞ்சிக்கே பக்குவம் சொன்னவர் என்ற மிதப்பு வேறு. சட்டிக்குள் குனிந்து முகர்ந்தார். இவளுக்கு எங்கே உப்புப் போடத் தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு கை போட்டார்.

பல்கீஸுக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது. திடீரென்று சிரிப்பு நின்றது. அந்த நிரலிலும் இரண்டு பேர்தானே. வருகிற எண்ணை எடுத்துக் கூட்டக் கர்னலுக்குள் இரண்டு வேலையாட்கள். யார் சும்மா இருக்கிறாரோ அவர் எடுப்பார். ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. அவள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடமாட முடியும். அவள் அங்கே நிற்பதே தப்பை விரட்டிக்கொண்டிருந்தது. இது விளங்கியபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

மாமாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் நோன்பு திறந்ததும் உப்புக் கரிக்கிறது என்று முதலில் முகம் சுளித்தவரும் அவரேதான். பல்கீஸ் பொதுவாக ஒரு பேச்சைப் போட்டாள்.

"மாமி, உப்புப் போட்டதும் சாடி மூடியக் கவுத்து வச்சிருங்க. கவுந்திருந்தா போட்டாச்சுன்னு அர்த்தம். யாரு வந்து பாத்தாலும் தெரியும்."

"என்னையத் தவிர அங்குட்டு யாரு வரப்போறா?"

மாமாவுக்குப் புரை ஏறியது. மாமி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எதுக்கு இருமுறீக?"

அவர் பேரீச்சம்பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கொட்டையை வெகுநேரம் ஆராய்ந்தார்.

புதன்கிழமை கர்னலுக்குள்ளும் அவள் ஒரு மூடி செய்தாள். எண்ணை எடுக்க வருகிறவர் முதலில் மூடியைப் பார்க்க வேண்டும், நிமிர்ந்திருந்தால் கவிழ்த்துவிட்டு எடுக்க வேண்டும். பார்ப்பதும் கவிழ்ப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், நடுவில் மற்றவர் புகக்கூடாது. மொத்தம் எட்டு வரி. ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குள் மின்சாரம் மறுபடி போய்விட்டது.

வியாழக்கிழமை டெல்லிக்காரர்கள் மூவரும் நாற்காலியில் உட்கார்ந்தபோது மெய்யநாதன் அவள் பக்கம் குனிந்தார். எட்டிப் பார்க்கும் வசதியைப் போட்டுவைத்தே ஓட்டிவிடலாம், விடை எப்படியும் சரியாக வந்துவிடும், இவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று காதோடு சொன்னார். நல்ல மனிதர், அவளுக்காகத்தான் சொன்னார். பல்கீஸ் ஒரு நிமிஷம் தடுமாறத்தான் செய்தாள்.

"வேணாம் சார். நான் பாக்காதப்ப சரியா வருதான்னுதானே தெரியணும்."

வசதியை நிறுத்தினாள். நிரலை ஓடவிட்டாள். அச்சுப்பொறி தடதடவென்று அடிக்கத் தொடங்கியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே பொட்டலில் ஒரு வெள்ளாடு வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து இலை பறித்துக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது. எண்களின் மேல் விரல் ஊர்ந்துபோகிற சரசரப்பு மட்டும் கேட்டது. அதுவும் நின்று, எந்த எண்ணும் இரண்டு தடவை விழவில்லை என்று மெய்யநாதன் சொல்வதும் தாள் கிழிபடும் ஓசையும் கேட்டு அவள் திரும்பியபோது, அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிக்கொண்டிருந்தார்.